உன் முகத்தில் என் குரல்

இன்று காலை ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது மைதாப் பசை வாடை அடித்தது. சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் இரண்டு பேர், கட்டணக் கழிப்பறையை ஒட்டிய சுவருக்கு முன்னால் வாளியோடு நின்றிருந்தார்கள். அந்தச் சுவரில் நீ ஏற்கெனவே இருந்தாய். மேலே ‘கண்ணீர் அஞ்சலி’, நடுவில் கறுப்புக் கண்ணாடி மாட்டிய உன் முகம், கீழே உனக்கு அஞ்சலி செலுத்துகிறவர்களின் முகங்கள் வரிசையாக. நான்கு மாத வெயிலில் வெளுத்து, உன் கன்னம் கிழிந்து தொங்கியது. அதை உரிக்கக்கூட இல்லை. அதன் மேலேயே பசையைத் தடவி உன் புதுப்படத்தின் சுவரொட்டியை ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை முதல் என்று போட்டிருந்தது. ஒட்டியவர் ஓர் எட்டு பின்னால் வந்து, கோணல் இருக்கிறதா என்று பார்த்தார்.

“செத்தவன் மேல செத்தவனையே ஒட்டியாச்சு,” என்றார் கூட்டாளியிடம். அதில் கிண்டல் இல்லை. வேலை முடிந்தது என்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

என் பஸ் போய்விட்டது. பள்ளிக்கூடத்துக்கு அரைமணி நேரம் தாமதமாகப் போனேன். தலைமையாசிரியர் கேட்டதற்கு வண்டி கிடைக்கவில்லை என்றேன். நீ உயிரோடு இருந்த கடைசி ஆறு வருடத்தில் உன்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாதவன், உனக்காக ஒரு பஸ்ஸை விட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அதே இடத்தில்தான் நீ நின்று கத்துவாய். நான் நாகமலைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். நீ கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, இந்த நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு ஆள் கூப்பிடும் வேலையில் இருந்தாய். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவரின் மகன். நீ சோழவந்தான் பக்கத்துக் காலனியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவன். உன் அம்மாவும் அப்பாவும் யாருடைய வெற்றிலைக் கொடிக்காலிலோ கூலிக்கு நின்றார்கள். மனப்பாடச் செய்யுளை ஒப்பிக்கச் சொன்னால், நான் புத்தகத்தில் உள்ளபடி சொல்லிப் பரிசு வாங்குவேன். நீ நடுவில் இரண்டு வரி சொந்தமாகச் சேர்த்துச் சொல்லி அடி வாங்குவாய். அடித்தது என் அப்பா. அதை நீ மறக்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

“உசிலம்பட்டி ஆண்டிபட்டி தேனி தேனி தேனி” என்று எல்லாரும்தான் கத்தினார்கள். நீ கத்தினால் நின்று கேட்டார்கள். ஏறுகிறவனின் சட்டை நிறம், கண்டக்டரின் மீசை, முந்தின நாள் பெய்த மழை என்று எதையாவது ஊர்ப் பெயர்களுக்கு நடுவே செருகுவாய். தாளம் மட்டும் தவறாது. இன்று சொன்னது நாளைக்கு வராது. நேற்று சொன்னதைத் திரும்பச் சொல்லு என்று ஒருநாள் கேட்டேன். “ரெண்டாந்தடவ சொன்னா அது செத்த பேச்சு மாப்ள,” என்றாய்.

லண்டனில் நர்ஸாக இருந்த என் அக்கா ஒரு விடுமுறையில் வந்தபோது, அங்கே பையன்கள் கேட்கிறார்கள் என்று ஒரு சிடி கொண்டுவந்து கொடுத்தாள். அந்த ஊர்க்காரன் ஒருவன், கறுப்பன், நம் வயதுதான் இருக்கும், பேசிக்கொண்டே பாடினான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, உனக்கு ஒரு காது எனக்கு ஒரு காது என்று மாட்டிக்கொண்டு கேட்டோம். உனக்கு ஆங்கிலம் பிடிபடாது. “என்ன சொல்றான்?” என்பாய். எனக்கே பாதிதான் புரியும். அவன் தெருவில் போலீஸ்காரர்கள் தினமும் அவனை நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்கிறார்களாம் என்று சொன்னேன்.

“எங்கூர்லயும் அதத்தானே கேக்குறாய்ங்க,” என்றாய். மறுநாள் காலை தேனி பஸ்ஸின் படியில் தொங்கிக்கொண்டு, எங்க போற எங்க போறன்னு கேக்குறவன் ஏறு முன்னாடி என்று ஆரம்பித்தாய். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். அந்த மாதம் முழுக்க அவனுடைய ஒவ்வொரு பாட்டையும் நான் தமிழில் சொல்ல, நீ அதை உடைத்து உன்னுடையதாக்கிக்கொண்டாய். பிறகு யாரோ நண்பனின் வீட்டில் பதிவு செய்து நீ கொண்டுவந்த கேசட்டின் அட்டையில் எழுத்து, இசை, குரல் மூன்றுக்கும் உன் பெயர்தான் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததை மட்டும் மறக்கவில்லை.

சில வருடம் கழித்து அக்கா தொலைபேசியில் சொன்னாள், அந்தச் சிடிக்காரன் இப்போது தொலைக்காட்சியில் நடிக்கிறானாம், எப்போது பார்த்தாலும் கையில் துப்பாக்கியோடு வருகிறானாம் என்று. இன்னும் கொஞ்ச காலத்தில் அவனே படம் எடுத்துவிட்டான் என்றாள். நான் வந்து சொன்னபோது நீ பஸ் ரூட் மாதிரி விரல் விட்டு எண்ணினாய். “பாட்டு, நடிப்பு, படம். இம்புட்டுத்தான் ஸ்டாப்பு. நமக்கும் இதே ரூட்டுத்தான்.” அவனுக்கு யார் பாட்டுக்கு அர்த்தம் சொன்னார்கள், அவனோடு கூட இருந்தவன் என்ன ஆனான் என்று நீ கேட்கவில்லை. நானும் அப்போது கேட்கவில்லை. பிறகு அதைத்தான் அடிக்கடி யோசித்தேன்.

உன் கேசட் ஒரு இயக்குநரின் கையில் போய்ச் சேர்ந்தது. மதுரையில் நடக்கிற வெட்டுக்குத்துப் படம். வில்லனின் ஆட்களில் ஒருவனாக நடிக்கக் கூப்பிட்டார். அங்கே துப்பாக்கி என்றால் இங்கே அரிவாள். மூன்று காட்சிதான் என்றார்கள். நீ போய் நடித்துவிட்டு வந்தாய். பேச்சுப் பதிவுக்குச் சென்னைக்கு வரச் சொன்னார்கள். எனக்கு அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. துணைக்கு வா என்றாய், விடுப்புப் போட்டுவிட்டு வந்தேன்.

அந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. படப்பிடிப்பில் பதிவாகும் பேச்சில் விளக்கின் உறுமல், வேடிக்கை பார்க்கிறவர்களின் சத்தம் எல்லாம் கலந்திருக்கும். அதைப் பைலட் என்பார்கள். வழிகாட்டிக்கு மட்டும்தான் அது. நடித்தவன் பிறகு கண்ணாடி அறைக்குள் நின்று, திரையில் தன் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டு, அன்று பேசிய அதே சொற்களை அதே வேகத்தில் மறுபடி பேச வேண்டும். அதுதான் படத்தில் கேட்கும்.

உன்னால் அது முடியவில்லை. உன் பாத்திரம் சாகும் காட்சி. கதாநாயகனின் அரிவாளுக்கு முன்னால் மண்டிபோட்டு, நீ அந்த இடத்தில் உன் போக்குக்குப் பேசியிருந்தாய். “என்னைய வெட்டுனா முடியாதுண்ணே. அடுத்த பஸ்ஸுல இன்னொருத்தன் வாரான்.” எழுதிக் கொடுத்த வசனம் அது இல்லை. இயக்குநருக்குப் பிடித்துப்போய் வைத்துக்கொண்டார். இப்போது அதையே திரும்பப் பேச வேண்டும். காலையிலிருந்து நீ பேசினாய். ஒரு தடவை ‘வண்டி’ என்றாய். ஒரு தடவை ‘எம்பங்காளி வருவான்’ என்றாய். சொல் சரியாக இருந்தால் உதடு முந்திவிடும். உதடு சரியாக இருந்தால் உயிர் இருக்காது. வாடகைக்கு எடுத்த அரங்கம். அடுத்த நடிகர் வெளியே காத்திருந்தார். “தம்பி, உன்னோட வாய்தானய்யா அது,” என்று ஒலிபெருக்கியில் இயக்குநர் கேட்டபோது எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிப் போனாய்.

நீ அன்று பேசியதை எழுதி எடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். காலையிலிருந்து கேட்டதில் உன் மூச்சு எங்கே நிற்கிறது என்பதுவரை எனக்குத் தெரிந்திருந்தது. பத்து வயதிலிருந்து தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை பூசையில் பைபிள் வாசகம் வாசித்தவன் நான். எழுதியதை எழுதியபடி, அவசரமும் இழுவையும் இல்லாமல் சொல்வது என் பழக்கம். இயக்குநர் என்னைப் பார்த்து, நீங்க ஒரு தடவ சொல்லிப் பாருங்க சார், சும்மா ஒரு அளவுக்கு, என்றார். அவன் பத்து நிமிடத்தில் வந்துவிடுவான் என்று நான் சொல்லியிருக்கலாம். எழுந்து உள்ளே போனேன்.

முதல் தடவையிலேயே பொருந்தியது.

நீ கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அதைத்தான் பெரிய திரையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் முகம் மண்டிபோட்டு என் குரலில் பேசியது. உன் கரகரப்பை நான் கொஞ்சம் கடன் வாங்கியிருந்தேன். ஆனாலும் அது தெளிவான குரல், தேவாலயக் குரல். முடியும்வரை நீ கதவருகிலேயே நின்றாய்.

“நல்லாத்தான் இருக்கு மாப்ள,” என்றாய். “எம்மூஞ்சிக்கு இம்புட்டு நல்ல கொரலு இருந்திருக்கு, எனக்கே தெரியல பாரு.”

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். மற்ற இரண்டு காட்சிகளையும் நானே பேசினேன். ஊர் திரும்பும்போது பஸ்ஸில் திண்டுக்கல் வரைக்கும் நீ தூங்குவதுபோல் இருந்தாய்.

படம் ஓடியது. ஆட்டோவின் முதுகில், பனியனில், கல்யாண வீட்டு பேனரில் எல்லாம் உன் அடுத்த பஸ் வந்தது. அரசியல் கூட்டத்தில்கூட ஒருவர் அதைச் சொன்னார். உன்னைத் தேடி ஆள்கள் வந்தார்கள். இன்னும் இரண்டு படத்தில் அதே மாதிரி வேடம், அதே மாதிரி சாவு. குரலும் அதேதான் வேண்டும் என்றார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பிப் போய், சனிக்கிழமை பேசிவிட்டு, ஞாயிறு பூசைக்கு வாசகம் வாசிக்க இங்கே வந்துவிடுவேன். மூன்று படத்திலும் என் பெயர் எங்கேயும் வரவில்லை. மூன்றாவது படம் முடிந்தபோது உன்னிடம் கேட்டேன், ஒரு இடத்தில் சின்னதாகப் போடச் சொல்லக் கூடாதா என்று.

“போட்டா அப்பறம் என்னைய எவன் பாப்பான் மாப்ள?” என்றாய்.

நீ மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. உள்ளதைச் சொன்னாய். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நான்காவது படத்துக்கு நீ என்னைக் கூப்பிடவில்லை. நீயே பேசிவிட்டாய் என்று படம் வந்த பிறகுதான் தெரிந்தது. எத்தனை நாள் அந்தக் கண்ணாடி அறைக்குள் நின்று பழகினாயோ. தியேட்டரில் என் பின்வரிசையில் இருந்தவன், “என்னடா இவனுக்குக் கொரலு மாறிப்போச்சு, தொண்டையில புண்ணா?” என்றான். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இங்கே எழுதாமல் விட முடியாது. வீட்டுக்கு நடந்தே வந்தேன். அதற்குப் பிறகு உனக்கு வந்த வேடங்கள் சிறுத்தன. ஒரு கல்லூரி விழாவுக்கு உன்னை அழைத்திருந்தார்கள். என் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன். பிள்ளைகள் அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லிக் கூவினார்கள். நீ மைக்கை அவர்கள் பக்கம் திருப்பிப் பிடித்தாய். மண்டபமே சேர்ந்து சொன்னது. என்ன திமிரு பாருங்க சார், ஒரு வரி சொன்னா கொறஞ்சா போயிருவான் என்று என் பக்கத்துப் பையன் சொன்னான். காரணம் தெரிந்தவன் அந்த மண்டபத்தில் நான் ஒருவன்தான்.

என் அப்பா இறந்தபோது நீ வரவில்லை. ஒரு மாலைகூட அனுப்பவில்லை. அவர் உன்னை அடித்தார், சரி. அந்த விடுதியில் உனக்குக் காய்ச்சல் வந்தபோது ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனதும் அவர்தான். நீ அடியை மட்டும் வைத்துக்கொண்டாய். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று நீ கேட்கலாம். நானும் அப்படித்தான், எனக்குக் கிடைத்ததில் அடியைத் தவிர மற்றதை எங்கேயோ தொலைத்துவிட்டேன்.

பிறகு நீ சொன்ன மூன்றாவது ஸ்டாப்பும் வந்தது. நீயே படம் எடுத்தாய். பஸ் நிலையத்தில் ஆள் கூப்பிடுகிறவனின் கதை. நடிக்கவில்லை, இயக்கினாய். பத்திரிகைகள் பாராட்டின. நல்ல படம்தான், அதை மறுக்க மாட்டேன். அதில் ஒரு ஆங்கில வாத்தியார் வருகிறார். கூட்டாளியின் பாட்டைத் தன் பாட்டாகப் பாடிப் பேர் வாங்கப் பார்க்கிற கோழை. எதைப் பேசினாலும் கோயிலில் வாசகம் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அவர் பேசி முடித்ததும் பக்கத்தில் இருப்பவன் “இறைவா உமக்கு நன்றி” என்பான். வாசகம் முடிந்ததும் சபை சொல்கிற பதில் அது. மூன்றே காட்சிதான். தியேட்டர் சிரித்தது. படம் வந்த மறுவாரத்திலிருந்து, நான் பாடம் நடத்தி முடித்துப் புத்தகத்தை மூடினால், கடைசி பெஞ்சிலிருந்து மெல்லிய குரலில் அது வந்தது. இறைவா உமக்கு நன்றி. எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை நான் வாசித்து முடித்ததும் சபை அதையே உண்மையாகச் சொன்னபோது, நான்கைந்து வாலிபர்கள் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள். முப்பது வருடம் வாசித்ததை அன்றோடு நிறுத்தினேன்.

நீ போன் செய்தாய். படம் பார்த்தாயா என்றாய். பார்த்தேன் என்றேன்.

“அந்த வாத்தியார் யாரு?” என்று கேட்டேன்.

“நீதான்.”

உன் பக்கத்தில் யாரோ தோசை வேண்டுமா என்று கேட்பது கேட்டது.

“நீ எனக்குச் செஞ்சது மூணு படம் மாப்ள,” என்றாய். “நா உனக்குச் செஞ்சது மூணே சீனு. கணக்குப் பாத்தா இன்னும் நீதான் கூட வச்சிருக்க.”

நான் வைத்துவிட்டேன். அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு உன்னைப் பற்றி உன் மனைவி மகேஸ்வரி மூலமாகத்தான் தெரியும். எங்காவது பார்த்தால் அண்ணே என்று நின்று பேசுகிற தங்கச்சி அவள். நமக்குள் பேச்சு இல்லை என்பதைக் கண்டுகொள்ளாதவள்போல், அவரு அடுத்த படம் எழுதுறாருண்ணே, இந்தத் தடவ அவரே நடிக்கிறாரு, என்பாள். பணம் போட ஆள் கிடைக்காமல் நான்கு வருடம் அலைந்தாய் என்றும் அவள்தான் சொன்னாள். கடைசியில் ஒரு கம்பெனி கிடைத்தது. படப்பிடிப்பு முடிந்த மறுவாரம், சோழவந்தான் வீட்டில் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நாற்பத்தாறு வயது. பேச்சுப் பதிவு மட்டும் பாக்கி.

சாவுக்கு வந்தேன். பின்னால்தான் நின்றேன். சென்னையிலிருந்து வந்தவர்கள் கேமராக்களோடு முன்னால் நின்றார்கள். உங்கள் தெருப் பிள்ளைகள் பந்தல் காலில் பெரிய ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். உன் பாட்டு இரண்டு ஓடியது. பிறகு அந்த வசனம். என்னைய வெட்டுனா முடியாதுண்ணே. கண்ணாடிப் பெட்டிக்குள் நீ வாய் மூடிக் கிடந்தாய். உன் தலைக்கு மேல் நான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வரி வரும்போதெல்லாம் பெண்கள் ஓங்கி அழுதார்கள். உன் அம்மா, “எம்மகன் கொரலக் கேட்டீகளா, எம்மகன் கொரலக் கேட்டீகளா” என்று மார்பில் அடித்துக்கொண்டாள். மகேஸ்வரி தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடி என்னைப் பார்த்தாள். அந்த ஊரில் அது யார் குரல் என்று அவளுக்கும் எனக்கும்தான் தெரியும். நிறுத்தச் சொல்லலாம் என்று நினைத்தேன். என்ன காரணம் சொல்லி நிறுத்துவது? சாயங்காலம் நீ கிளம்பும்வரை அது ஓடியது.

மூன்று வாரம் கழித்து உன் உதவி இயக்குநர் போன் செய்தான். நான் ஆசிரியர் அறையில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தேன். படத்தில் சாருக்குப் பேச வேண்டும், நீங்கள்தான் பேச வேண்டும் என்றான். சார் பழைய கதையெல்லாம் சொல்லியிருக்காரு, கம்பெனியில பேரு போடவும் ஒத்துக்கிட்டாங்க என்றான். முடியாது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் அவன் ஒரு காட்சியை என் போனுக்கு அனுப்பியிருந்தான். கேட்டுவிட்டாவது சொல்லுங்கள் என்று ஒரு வரி. வீட்டுக்கு வந்து காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பைலட். இதே ஆரப்பாளையத்தில் எடுத்தது. பஸ் ஹாரன், பூ விற்கிறவளின் சத்தம், எங்கேயோ ஒருவன் விலகு விலகு என்கிறான். அதற்கு நடுவில் நீ. தொண்டை கட்டியிருந்தது. வயது தெரிந்தது. நான்கு தடவை எடுத்திருந்தார்கள், நான்கையும் அனுப்பியிருந்தான். முதலில் கேட்டபோது எனக்குப் பிடிபடவில்லை. மறுபடி கேட்டேன். நான்கிலும் ஒரே சொற்கள் மாப்ள. ஒரு சொல் மாறவில்லை. மூச்சு விடுகிற இடம்கூட மாறவில்லை. இருபது வருடம் கழித்து நீ அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாய். நாளைக்குக் கண்ணாடி அறைக்குள் போய் நின்றால் யாரும் சிரிக்கக் கூடாது என்று, பேசும்போதே பேசியதைப் பூட்டி வைத்திருக்கிறாய். இந்தப் படத்தில் உன் முகத்துக்கு உன் குரல்தான் என்று முடிவு செய்து, அதற்காகவே உழைத்திருக்கிறாய்.

மகேஸ்வரி நேரில் வந்தாள். பள்ளிக்கூட வாசலில் நின்று பேசினோம். அவளிடம் நான் இதைத்தான் சொன்னேன். அவன் தன் குரலில் பேச வேண்டும் என்று தயார் செய்துவிட்டுப் போயிருக்கிறான், அதன் மேல் என் குரலை வைப்பது மறுபடி அவனைத் திருடுவது, இரைச்சலோடு அவன் குரலே இருக்கட்டும் என்று கம்பெனியில் சொல்லு என்றேன். சொல்லும்போது என் கண் கலங்கியது. அவளும் கேட்டுக்கொண்டாள். சரிண்ணே, நீங்க சொல்றது நியாயந்தான் என்று போனாள்.

கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சத்தத்தோடு தியேட்டருக்குக் கொண்டுபோக முடியாது என்றார்கள். சென்னையில் குரல் கொடுக்கிற ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு நாளில் முடித்துவிட்டார்கள். பல பேருக்குப் பேசுகிறவராம், திறமையானவராம். அவர் உன்னைப் பார்த்ததுகூட இல்லை. போன வாரம் படத்தைப் போட்டுக் காட்டினார்களாம். மகேஸ்வரி பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். அழவில்லை.

“யாரோ ஒருத்தன் பேசுறாண்ணே,” என்றாள். “உங்க கொரலா இருந்தா அவரு பாதியாச்சும் இருந்திருப்பாரு. நீங்க எதுக்கு வேணாம்னீங்கன்னு எனக்குத் தெரியும். ஒங்க மேல கோவமில்ல.”

கோபமில்லை என்றாள். அதுதான் தாங்க முடியவில்லை. அவளுக்குத் தெரியும் என்று அவள் நினைக்கிற காரணம் நான் கொடுத்தது. ஆசிரியர் அறையிலும் அதையே சொன்னேன். நண்பனின் குரலை மதித்து வந்த வாய்ப்பை விட்டவர் என்று தமிழ் ஐயா என் தோளில் தட்டினார். எனக்கும் அது பிடித்திருந்தது. மூன்று மாதத்துக்கு மேலாக அந்தக் காரணத்தோடுதான் எழுந்து, குளித்து, பாடம் நடத்திவிட்டு வருகிறேன்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தப் பையன் போன் செய்தபோது நான் அந்தக் காட்சியைக் கேட்டிருக்கவில்லை. உன் குரலைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பும் இல்லை. கையில் பாத்திர மூடி இருந்தது. எதிரில் ஜன்னல் வழியாகப் பத்தாம் வகுப்பு தெரிந்தது. என் மனதில் முதலில் வந்தது அந்த வாத்தியார் வருகிற மூன்று காட்சி. தியேட்டரின் சிரிப்பு. இப்போது நீ என்னிடம் வந்துதானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். செத்தவனைப் பார்த்து அப்படி நினைத்தேன். முடியாது என்ற சொல் அங்கிருந்துதான் வந்தது. நிதானமாக, தெளிவாக வந்தது. உனக்காக என்று நான் சொன்ன காரணம் சாயங்காலம்தான் வந்தது. அது நல்ல காரணம், உண்மையான காரணமும்கூட. ஆனால் அது வந்தபோது வேலை முடிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை படம் வருகிறது. மகேஸ்வரி ஒரு டிக்கெட் கொடுத்தனுப்பியிருக்கிறாள், அவள் பக்கத்து இருக்கை. போய் உட்காருவேன். உன் வாய் அசையும்போது யாரோ ஒருவன் பேசுவான். பக்கத்தில் அவள் இருப்பாள். நான் உன்னை மதித்தவன் என்று நம்பிக்கொண்டு இருப்பாள். மறுப்பு மத்தியானம் வந்தது, காரணம் சாயங்காலம் வந்தது என்று நான் அவளிடம் சொல்ல மாட்டேன். இடையில் இருந்த அந்த நான்கு மணி நேரம்தான் உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது.